விழத் தெரிந்தவள்

திரிஷா பிள்ளைகளுக்கு முதலில் விழத்தான் கற்றுக்கொடுப்பாள். அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி தர அவளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். ஓங்கி ஒரு குத்து விட்டால் எதிராளி பறந்துபோய் விழுவான் என்று ஆசையாக வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரமே முகம் சுண்டிப்போகும்.

"தாடையை நெஞ்சோட ஒட்டிக்க. கையை ஊனாத, மணிக்கட்டு போயிடும். ரெண்டு கையாலயும் பாயைப் பட்டுனு தட்டு. மூச்சை விடு" என்று கத்திக்கொண்டே இருப்பாள்.

அடுத்த வாரம், விழுந்த இடத்திலேயே கிடந்து சமாளிப்பது. முட்டியை மடக்கி, பாதம் இரண்டையும் எதிராளி பக்கம் திருப்பி, முகத்துக்கு முன்னால் கையைக் காவல் வைக்க வேண்டும். அதற்கும் அடுத்த வாரம்தான் எழுந்திருப்பது. ஒரு கையைப் பின்னால் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, காலைப் பின்னுக்கு இழுத்து, ஆளை விட்டுக் கண்ணை எடுக்காமல் எழ வேண்டும். எழுந்ததும் ஓட வேண்டும்.

விழுவதை அவள் ஒன்பதாம் வகுப்பில் ஜூடோவில் சேர்ந்தபோதே படித்தாள்; உதைப்பது பயிற்சியாளர் ஆனபோது சேர்ந்துகொண்டது. ஜூடோவில் சேர்த்துவிட்டது அண்ணன் சத்யராஜ். அப்பா போனபின் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, வீட்டைத் தூக்கி நிறுத்தியவன். குடி கிடையாது, கூட்டாளிகள் கிடையாது. போட்டிக்கெல்லாம் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போவான். அவள் எதிராளியைத் தூக்கிப் போடும்போது கேலரியிலிருந்து விசிலடிப்பான். கோபம் வந்தால் மட்டும் கை நீளும். இரண்டு தடவை அடித்திருக்கிறான். இரண்டு தடவையும் திரிஷா தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டாள். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் அடிப்பதை அடி என்று யாரும் சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆடி முடிந்ததும் தென்னேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குக் குறை ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கப்புறம் மைதானத்தில் உருண்டு புரளுகிற வேலை வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். சத்யராஜ் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு எழுந்த கையோடு அவள் முடியாது என்றாள்.

"நான் பேச்சு குட்த்துட்டு வந்துகிறேன். இன்னா நெனச்சிக்கினு இருக்கற நீ?"

"என்னைக் கேக்காம எதுக்குண்ணா குட்த்த?"

அவன் இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். சிமெண்டுத் தரையில் மல்லாக்க விழுந்தாள். தாடை தானாக நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கைகள் தரையை அறைந்த சத்தம் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். தலை தரையில் படவில்லை. விழுந்தவளின் முடியைப் பிடிக்க அவன் குனிந்து ஓரடி முன்னால் வந்தான். அந்த நேரத்தில் அவள் எதையும் யோசித்ததாக நினைவில்லை. வலது குதிகால் அவனுடைய இடது முட்டியில் பக்கவாட்டாக இறங்கியது. ஈரத்துணியைக் கிழித்தாற்போல ஒரு சத்தம். அவன் சரிந்தான். அவள் அதற்குள் எழுந்து, முகத்துக்கு முன்னால் கையை வைத்தபடி வாசல்படியில் நின்றாள்.

அம்மா பட்டம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து மகனைத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. திரும்பி மகளைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, ஒடச்சிட்டியேடி."

முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். எப்படி ஆச்சு என்று கேட்டார். திரிஷா வாயைத் திறப்பதற்குள் சத்யராஜ் முந்திக்கொண்டான்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்."

தங்கச்சி உதைத்து விழுந்தேன் என்று சொல்ல அவனால் முடியாது. அன்றிலிருந்து அந்தப் பாத்ரூம் கதையைத்தான் எல்லோரும் சொன்னார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் திரிஷாவும் சொன்னாள். பாசி பிடித்த தரை, நான்தான் கழுவாமல் விட்டேன் என்று தன் பங்குக்குச் சேர்த்தும் சொன்னாள். தென்னேரிக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து பேச்சு இல்லை.

ஆபரேஷன் ஆனது. கம்பெனியில் அவனுடையது எட்டு மணி நேரம் நின்று செய்கிற வேலை. கால் தேறியபின் வா பார்க்கலாம் என்ற கம்பெனி, மூன்றாம் மாதம் அவன் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. முன்பெல்லாம் காலையில் மூங்கில் மண்டபம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில், இப்போது அவன் கட்டிலில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பான்.

அம்மா ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அவன் அடிச்சிருந்தா நாலு நாள்ல வலி போயிருக்கும்மா."

திரிஷாவுக்குப் பதில் தெரியும். சிமெண்டுத் தரையில் பின்மண்டை பட்டிருந்தால் நாலு நாளில் போயிருக்காது. ஆனால் அம்மாவுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க அவளிடம் தெம்பு இல்லை. அண்ணன் முட்டி கிழிந்த அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவே இல்லை.

பள்ளியில் எட்டாம் வகுப்பு அலமு, உதைக்கப் பழகிக்கொண்டிருந்தவள், நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "மிஸ், தள்றவங்க நம்ம வூட்டு ஆளுங்கன்னா?"

ஆறு மாதம் முன்பு கேட்டிருந்தால் யாராயிருந்தாலும் உதை என்று திரிஷா பட்டென்று சொல்லியிருப்பாள். இப்போது அவள் பக்கத்தில் வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"தலையைக் காப்பாத்திக்க. எழுந்து வெளிய ஓடி வந்துடு. நேரா எங்கிட்ட வந்து சொல்லு" என்றாள். அலமு தலையாட்டினாள். ஆனால் பார்வை மிஸ் முகத்திலேயே நின்றது.

தை மாதத்தில் சத்யராஜ் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தான். ஒருநாள் அம்மா இல்லாத நேரத்தில் கூடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். திரிஷா ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீட்டிய கையை அவள் மெல்ல இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். அவன் சுவரைப் பிடித்து இரண்டு தடவை எம்பிப் பார்த்தான். அவள் எட்ட நின்றே சொன்னாள்.

"நல்ல கால் பக்கமா திரும்புண்ணா. கையைப் பின்னால ஊனு. மொதல்ல இடுப்பைத் தூக்கு."

அவன் அப்படியே செய்தான். எழுந்து நின்றதும் மூச்சு வாங்கியது. தடியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனான். அவன் நடந்துபோன பிறகுதான் திரிஷா கவனித்தாள், கையை இழுத்துக்கொண்டதிலிருந்து அவன் கைக்கு எட்டும் தூரத்துக்குத் தான் நெருங்கவே இல்லை என்பதை.

பக்கத்துத் தெருவில் மிஷினில் பட்டு இழை சுற்றுகிற வேலை அவனுக்குக் கிடைத்தது. உட்கார்ந்த இடத்து வேலை. அங்கே மற்ற எல்லோரும் பெண்கள். அதே வாரம் திரிஷாவுக்கு வாலாஜாபாத் பக்கம் நான்கு பள்ளிகள் கொடுத்தார்கள். தினமும் வந்துபோகிற தூரம்தான். ஆனாலும் என்கூடப் பயிற்சி தருகிற ஒருத்தியோடு அங்கேயே அறை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. ஊறுகாய் பாட்டிலை மட்டும் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள்.

கிளம்பும்போது சத்யராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்தபடியே பேசினான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் அதைப் பற்றி அவன் பேசியது அது ஒன்றுதான்.

"அன்னிக்கு நீ ஒதைக்கலன்னா நான் நிறுத்தியிருப்பேனான்னு யோசிச்சிக்கினே இருக்கறேன் பாப்பா. தெரியல."

திரிஷா பையைக் கையில் எடுத்தாள். பரவாயில்லண்ணா என்று சொல்ல நினைத்தாள். அது பொய்யாகப் பட்டது. ஏற்கெனவே அந்த வீட்டில் ஒரு பொய்யை ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"வரேண்ணா" என்றாள்.

அவன் தலையசைத்துவிட்டு, சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.