எட்வின் எடுத்துப்போன கைநெல்

எங்கள் பக்கம் நெல் வியாபாரத்துக்குப் பத்திரமும் கிடையாது, முத்திரையும் கிடையாது. கதிர் பழுக்கத் தொடங்கும்போது வியாபாரி வயலுக்கு வருவார். மடை வாயோரம் ஒரு கைப்பிடி நெல்லை உருவி, வயல்காரர் கொடுக்கும் துணியில் முடிந்து எடுத்துப்போவார். அதற்குப் பெயர் கைநெல். அதன்பிறகு வேறெந்த வியாபாரியும் அந்த வயலுக்குள் கால் வைக்கமாட்டார். பேச்சு முறிந்தால், எடுத்தவரே பகல் வெளிச்சத்தில் வந்து அதே வயலில் அந்த நெல்லை இறைத்துவிட்டுப் போகவேண்டும். அதுவரைக்கும் விளைந்ததெல்லாம் அவர் பெயரில்தான் நிற்கும்.

என் வயலில் கைநெல் எடுத்தவன் எட்வின். செத்துப்போன என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். சின்னமனூரில் அரிசி ஆலை வைத்திருக்கிறான். கேரளாவுக்குக் குண்டு அரிசி ஏற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்தவனுக்குத் திடீரென்று கப்பல் ஆசை வந்தது.

"மதினி, கடலுக்கு அங்கிட்டு நீள அரிசிக்கு அடிச்சுக்கிறாக. வெதை நான் தாரேன், போடுங்க" என்றான்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியே போட்டது. போன போகம் சொன்னபடி எடுத்துக்கொண்டான். கோயில் திருவிழாவில் அவனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். நம்ம வீட்டுப் பிள்ளை என்று எனக்கும் பெருமைதான், பொய் சொல்லமாட்டேன்.

இந்தப் போகம் நெல் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. எட்வினைக் காணோம். போன் அடித்தால் எடுப்பதில்லை.

மேகமலைப் பக்கம் தினமும் மதியத்துக்குமேல் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு நல்ல மழை அடித்தால் போதும், கதிர் சாய்ந்து சேற்றிலேயே முளைத்துவிடும். நிலம் என்னுடையதும் இல்லை, குத்தகை. நிலத்துக்காரி மலையம்மாள் நேரில் வந்தே சொல்லிவிட்டாள்: "ரோஸ்லினு, இந்த வெள்ளாமை வீடு சேரலைன்னா நெலத்தை விட்டுரு. தென்னங்கன்னு வைக்க ஆளு காத்துக்கிட்டு இருக்கு." அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கு அந்த நிலத்தை விட்டால் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு ஜீப் ஏறுவதுதான் வழி. அறுப்பு மெஷின் வைத்திருக்கும் ஒச்சாண்டியும் ஒருநாள் விடியக்காலையிலேயே போன் போட்டு அவசரப்படுத்தினான். "அக்கா, இன்னைக்கு அறுக்கலைன்னா நாளைக்கு நான் தேவதானப்பட்டிப் பக்கம் போயிருவேன்."

அன்று காலைப் பூசை முடிந்து வரும்போது ஆண்டனி ராஜ் வாத்தியார்தான் சங்கதியைச் சொன்னார்.

"எட்வின் அரிசி அனுப்புன நாடும் அதுக்கு அக்கம்பக்கத்து நாடுகளும் கூடி ஒப்பந்தம் போட்டிருக்காக. அவுகளுக்குள்ள அரிசிக்கு வரி இல்ல. நம்ம நாடு அந்தக் கூட்டத்துல சேரல. நம்ம அரிசி போய் எறங்குனா வரி உண்டு. பெறகு எவன் வாங்குவான்?"

"அவுக கூடிப் பேசுனதுக்கு என் வயலு ஏன் சார் கெடந்து அழுகணும்?"

"ஒங்க வயலு இருக்கதே அவுகளுக்குத் தெரியாதும்மா" என்றார். வேண்டாதவன் கெடுத்தால் சண்டை போடலாம். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அன்று காலையிலேயே குமுளி வியாபாரி வர்கீஸ் வந்தார். வரப்பில் நின்றே கதிரைப் பார்த்தார். உள்ளே இறங்கவில்லை.

"சேச்சி, நெல்லு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. சோத்துக்கு எங்க ஆளுக இதைத் தொடமாட்டாங்க. மாவு மில்லுக்குத் தள்ளலாம். பக்ஷே, எட்வின் கைநெல்லு திரும்பி வராம நான் வரப்பு தாண்டமாட்டேன். இன்னிக்கு நான் தாண்டினா, நாளைக்கு என் கைநெல்லை இன்னொருத்தன் தாண்டுவான். சாயங்காலம் வரை கம்பத்துலதான் இருப்பேன். வந்தா விளிச்சுச் சொல்லு."

அடுத்த பஸ்ஸில் சின்னமனூர் போனேன். எட்வின் ஆலையில் நெல் அவிக்கிற வாடை பஸ் நிறுத்தம் வரை வரும். அன்று வரவில்லை. உள்ளே கூரை முட்ட மூட்டை. சுவரெல்லாம் வண்டு ஊர்ந்ததில் சுவரே அசைவதுபோல் இருந்தது. எட்வின் ஆபீஸ் ரூமில் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அந்தோணியார் படத்துக்குக் கீழே பலகை நிறையத் துணி முடிச்சுகள். எங்கள் ஊரே அங்கே குந்தியிருந்தது. என் நீலச் சேலைக் கிழிசலைப் பார்த்ததும் கண்டுகொண்டேன்.

"வா, வந்து இறைச்சு விடு" என்றேன்.

"மதினி, ஒங்களுக்கு ஒன்னு இறைச்சா அத்தனை பேரும் கேப்பாக. அத்தனை நெல்லும் ஒரே நாள்ல வெளிய வந்தா ஒரு பய சீண்டமாட்டான். நான் பிடிச்சு வச்சிருக்கவரைக்குந்தான் அதுக்கு ஒரு மதிப்பு. கொஞ்சம் பொறுங்க, வேற நாட்டுல கேட்டிருக்கேன்."

"மழை பொறுக்குமாடா? ஊரு பாட்டை ஊரு பாத்துக்கிரும். என் நெல்லை எனக்கு விடு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு நீல முடிச்சை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கிருந்தே வர்கீசுக்கும் ஒச்சாண்டிக்கும் போன் போட்டேன்.

அவன் பைக்கில்தான் திரும்பினோம். உத்தமபாளையம் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் பழுத்த நெல். எல்லாம் அதே நீள நெல். வரப்புகளில் ஆட்கள் நின்றார்கள். அவன் பையிலிருந்து நீலத் துணி எட்டிப் பார்ப்பதை அவர்கள் பார்த்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன், பின்னாலேயே பைக்குகள் வந்துகொண்டிருந்தன.

வயலில் வர்கீஸ் காத்திருந்தார். ஒச்சாண்டி மெஷினை லாரியிலிருந்து இறக்கியிருந்தான். எட்வின் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினான். முடிச்சை அவிழ்த்து நெல்லை இறைத்தான். வர்கீஸ் உடனே வரப்பைத் தாண்டி வந்து ஒரு கைப்பிடி உருவி, உள்ளங்கையில் கசக்கி, ஒன்றைக் கடித்துப் பார்த்தார். தலையை ஆட்டித் துணி கேட்டார். நான் தயாராகக் கிழித்து வைத்திருந்ததை நீட்டினேன். மாதாவே, பிழைத்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் பைக்கில் பின்னால் வந்து இறங்கிய இஞ்ஞாசிமுத்து வரப்பிலிருந்து கத்தினார். "ஏலே எட்வினு, எம் முடிச்சு எங்கடா?"

"எனக்கும் இறைச்சு விடு" என்றார் காமராஜ். இன்னொருத்தர் வர்கீஸைப் பார்த்துக் கும்பிட்டார். "மொதலாளி, எங்களதையும் எடுத்துக்கங்க. வெலையைக் கொறச்சுக்கூட எடுத்துக்கங்க." அதற்குமேல் யார் குரல் எதுவென்று தெரியவில்லை.

வர்கீஸ் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் கம்பம் ரோடு வரை மஞ்சளாகக் கிடந்ததைப் பார்த்தார்.

"இது மொத்தமும் இதே நெல்லா?"

நான் துணியை அவர் பக்கம் இன்னும் நீட்டினேன். அவர் கையை விரித்தார். நெல் என் காலடியில் விழுந்தது.

"ஒரு வயல்னா எடுத்திருப்பேன், சேச்சி. நாளைக்கு இது சும்மா கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார். ஒச்சாண்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இனி வாடகை தேறாது என்று மெஷினை மறுபடி லாரியில் ஏற்றத் தொடங்கினான். என் கழுத்தில் ஒரு துளி விழுந்தது.

எட்வின் வெற்றுத் துணியோடு வயல் நடுவிலேயே நின்றான். வரப்பில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே இறங்கினார்கள். அவனை நோக்கி நாலு பக்கமிருந்தும் வந்தார்கள், முற்றிய கதிரை மிதித்துக்கொண்டு.

"மிதிக்காதீகய்யா! எங் கதிருய்யா!" என்று கத்தினேன்.

யாரும் கீழே குனிந்து பார்க்கவில்லை.