இரும்பு செய்யாத வேலை

ஒரு வேதிவினைக்கு விலை உயர்ந்த பல்லேடியம் உலோகம் வேண்டாம், மலிவான இரும்புச் சேர்மமே வினையூக்கியாகப் போதும் என்று காட்டியவள் அக்கா. அந்த ஒரு கட்டுரைதான் அவளுக்கு முனைவர் பட்டத்தையும் வேறொரு பல்கலைக்கழகத்தில் வேலையையும் வாங்கித் தந்தது. இப்போது அதே பேராசிரியரிடம், அதே வினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் தங்கை.

குடுவைக்குள் சுழன்று கலக்கும் காந்தக்கட்டைகள் தேய்ந்து கீறல் விழுந்திருந்தன. புதியவற்றைப் போட்டாள். வினை அடியோடு படுத்துவிட்டது. காற்று புகுந்துவிட்டதோ என்று கரைப்பானை மறுபடி காய்ச்சி வடித்தாள், நைட்ரஜனை மாற்றினாள். ஊஹூம். கடைசியில் ஒரு பழைய கட்டையை எடுத்து, இரும்பே சேர்க்காமல் போட்டுப் பார்த்தாள். வினை ஜோராக நடந்தது! கீறலைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினாள். யாரோ எப்போதோ பயன்படுத்திய பல்லேடியம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலையைச் செய்தது அதுதான்; இரும்பு சும்மா பேருக்கு.

அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"புதுக் கட்டையில வரலைன்னு எனக்கு அப்பவே தெரியும்டி," என்றாள் அக்கா. "கட்டைதான் மட்டம்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. நீ படிச்சுக்கிட்டிருந்தே. எனக்கு வேலை வேணும்."

"இப்ப என்னக்கா பண்றது?"

"வாயை மூடிக்கிட்டு உன் பட்டத்தை வாங்குற வழியைப் பாரு."

மூடிக்கொள்ளத்தான் பார்த்தாள். ஆனால் அக்காவின் கட்டுரையைப் பார்த்து அதே வினையைச் செய்துவந்த, முன்பின் தெரியாத ஒரு மாணவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஓராண்டாக இந்த வினை தனக்கு வரவே இல்லை, தன் கையில்தான் ஏதோ கோளாறு என்றும் படிப்பையே விட்டுவிடப் போவதாகவும் அழாத குறையாக எழுதியிருந்தாள். மறுநாள் காலை தங்கை பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

கேட்டு முடித்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உன் அக்கா பொழப்புல நீயே கை வைக்கிறேன்னு தெரியுதாம்மா?"

"தெரியுது சார்."

கட்டுரையை ஆய்விதழிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அக்காவின் வேலை போயிற்று. பெட்டியோடு வீட்டுக்கு வந்தவள் தங்கையிடம் முகம் கொடுக்கவில்லை.

"சாப்பிட வாக்கா." தங்கை தட்டோடு சாத்திய கதவின் முன் நின்றாள்.

அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். "நீ சொன்னது சரிதான்டி. ஆனா கொஞ்ச நாளைக்கு அவ கண்ணுல படாம இரு."

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கே திரும்பிப் போனாள்.