இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி

என் கணவருக்கு இணையத்தில் ஒரு பட்டம் உண்டு: நடுவர். கம்ப்யூட்டர் பெட்டியை வெட்டி, வளைத்து, தன் இஷ்டத்துக்குப் புதிதாகச் செய்கிற பைத்தியங்களின் குழு அது. யார் தன் பெட்டியைப் படமெடுத்துப் போட்டாலும், நடுவர் என்ன சொல்லப்போகிறார் என்று மொத்தக் குழுவும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். காற்றோட்டம், கேபிள் ஒழுங்கு, விளிம்பு, மடிப்பு என்று புட்டுப் புட்டு வைப்பார். முகதாட்சண்யம் பார்க்கமாட்டார். அதற்காகவே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

நான் பெயர்ப்பலகைப் பட்டறையில் ஒன்பது வருடமாகத் தகடு வெட்டுகிறேன். இன்றைக்கு ஒரு கஷ்டமான வளைவை முடித்தேன் என்று வீட்டில் வந்து சொன்னால் "ம்ம்" என்பார். கண் திரையில் இருக்கும். அந்த "ம்ம்" கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. நான் யாரென்று தெரியாமல் அவர் ஒரு தடவையாவது என் வேலையைப் பார்க்கவேண்டும். நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும்.

மதிய இடைவேளைகளில், மிச்சம் விழுந்த அலுமினியத் தகட்டில் ஒரு பெட்டி செய்தேன். ஒரே தகடு, பதினோரு மடிப்பு. வெளியே ஒரு திருகுகூடத் தெரியாது. முன்பக்கத்தில் வரிவரியாகக் கீறி லேசாகத் தூக்கிவிட்டேன், உள்ளே இருக்கும் விசிறிக்குக் காற்று வேண்டுமே. இரண்டு தடவை சொதப்பியது, மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டறையிலேயே படமெடுத்து, "தகரம்" என்ற புனைபெயரில் போட்டேன்.

அன்று மாலை மனிதர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இங்க பாரு, எவனோ புதுசா வந்திருக்கான். மடிப்புல முடி நுழையாது. சரியான கைகாரன்!"

பத்துக்கு ஒன்பதரை. அதுவரை யாருக்கும் அவர் எட்டைத் தாண்டியதில்லை. நான் சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துச் சிரித்தேன். கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் பெட்டியை வீட்டுக்கே தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது... நீயா?"

"நானேதான்."

ஒரு நொடி அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கிப்போனது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

கேட்கிற கேள்வியா இது?

காலையில் எழுந்து பார்த்தால் ஒன்பதரை ஆறாகியிருந்தது. கீழே புதிதாக ஒரு வரி: "மறுபடி பார்த்தேன். வலது மூலையில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மில்லிமீட்டராம்! அந்த மூலையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"என்னங்க இது?"

"கொஞ்சம் புரிஞ்சுக்கோ. நாளைக்கு விஷயம் வெளிய வந்தா, பொண்டாட்டிக்குன்னு அள்ளிக் கொடுத்துட்டான்னு நாலு பேரு பேசுவாங்க. எனக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல?"

"அதுக்கு இல்லாத குறையைச் சொல்வீங்களா?"

"ஆறு ஒண்ணும் மோசமில்லையே!"

இவர் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உண்மையிலேயே இடைவெளி இருந்திருந்தால், வாயை மூடிக்கொண்டு வேறு தகட்டில் மறுபடி மடித்திருப்பேன். இல்லாத இடைவெளியை நான் எங்கே போய் அடைப்பது? தன் பெயரில் கறை படியாமலிருக்க என் வேலைமேல் கறை பூசியிருக்கிறார், அதையும் நியாயம் என்கிறார்.

பட்டறைப் பையிலிருந்து இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"அளங்க."

"விடேன்."

"அளங்கன்னா!"

குனிந்து வலது மூலையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கடைசியில் ஆக மெல்லியதை வைத்தார்.

"போகல," என்றார்.

"எந்தத் தகடு போகல?"

"மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு." நிமிராமலே சொன்னார். "சரி, அந்த வரியை எடுத்துடறேன். மார்க் மட்டும் அப்படியே இருக்கட்டும்."

நான் என் போனை எடுத்து அவர் வரிக்குக் கீழேயே எழுதினேன்: "இந்தப் பெட்டியைச் செய்தது நான், நடுவரின் மனைவி. வலது மூலையில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள தகடுகூட நுழையவில்லை. அளந்தது அவரே." அவர் கையை நீட்டுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இனிமே அங்க என் வார்த்தையை எவன் நம்புவான்?"

"அங்க இருக்கறவங்களை விடுங்க. உங்க ஒன்பதரையை நான் நம்பினேங்க. இப்ப அது நெஜமான்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?"