எடிட்டர் போன வழி

“நீயும் ஒரு ஆட்டம் ஆடிப் பாக்குறியா?”

“ஐயே, எனக்கெதுக்குங்க இதெல்லாம்? நீங்க ஆடுங்க.”

“சரிம்மா.”

அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமான புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவியில் ஓடிய வீடியோ கேமுக்கு முன்னால் நடந்தது. கேட்டவன் அன்றே மறந்துவிட்டான். பதில் சொன்னவளால்தான் மறக்க முடியவில்லை. அந்த ‘சரிம்மா’ அத்தனை சீக்கிரம் வந்து விழும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

அவள் பிறந்த வீட்டில் முதல் ‘வேண்டாம்’ என்பது வாசற்படி மாதிரி. அதைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். வந்தவர் டீ வேண்டாம் என்றால், “அட, பாதி கிளாஸ்” என்று இரண்டாவது முறை கேட்பார்கள். மூன்றாவது முறை கேட்பதில்லை. கிளாஸைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அவள் புருஷனோ லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஒரு தடவைதான் கேட்பான். “பட்டனை ஒரு தடவை அமுக்கினா போதும். ரெண்டு தடவை அமுக்கினா ரெண்டு லிஃப்டா வரும்?” என்பது அவன் கொள்கை. இந்தக் கொள்கையால் மாமியார் வீட்டு விருந்தில் மறுபடி சோறு கேட்காமல் பாதி வயிற்றோடு எழுந்து வந்தவன் அவன். இவள் என்னடாவென்றால், அந்த இரண்டாவது கேள்விக்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள்.

அவளுக்கு ஆட ஆசை. அதுவும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஆசை. வாய் திறந்து கேட்பதற்கு மட்டும் என்னவோ கூச்சம். வேண்டாம் என்று சொன்ன வாயாலேயே எப்படிக் கேட்பது?

அவன் ஆடுவதை வீடியோவாகப் போடும் சேனலுக்கு ‘லிஃப்ட் அண்ணன்’ என்று பெயர். பகலெல்லாம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிடுகிறவன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு நிலவறைக் கோட்டைக்குள் தானே போய் மாட்டிக்கொள்வான். விளையாட்டு அப்படி. இருட்டுச் சுரங்கம், பூட்டிய கதவுகள், விளக்கைத் தூக்கிக்கொண்டு ரோந்து வரும் ஒரு பூதம். சாவியைத் தேடி வெளியே வரவேண்டும். ஆடும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வான். வாயும் ஓயாது. “நண்பர்களே, இப்ப நாம பாக்கப்போறது என்னன்னா…” என்று அவன் விளக்கி முடிப்பதற்குள் பூதம் வந்து விளக்கை அவன் தலையிலேயே போட்டுவிடும்.

ஒவ்வொரு வீடியோவும் ஒரு மணி நேரம் ஓடும். பார்ப்பவர்கள் அவன் தங்கை, அவனோடு வேலை செய்யும் கண்ணாடி, பிறகு வழி தவறி வந்துவிட்ட யாரோ ஓரிருவர். கண்ணாடி என்பது பட்டப்பெயர். அந்த ஆள் தூங்கும்போதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றமாட்டானாம்.

நாத்தனார்தான் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள். அவள் மொபைல் கடையில் வேலை செய்கிறாள். ஊர் உலகம் செல்போனில் என்ன பார்க்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி.

“அண்ணா, ஒரு மணி நேரம் நீ வழி தெரியாம சுத்துறதைப் பாக்க யாருக்குப் பொழுது இருக்கு? நீ அடிவாங்குற இடத்தை மட்டும் வெட்டிப் போடு. குட்டிக் குட்டியா. தினமும் ஒண்ணு.”

“அப்போ வணக்கம் சொல்ற இடம்?”

“வணக்கமே வேணாம்.”

“வணக்கம் சொல்லாம எப்படிம்மா ஆரம்பிக்கிறது? வீட்டுக்கு வந்தவங்களுக்கு மரியாதை வேணாமா?”

“நீ வணக்கத்துல ‘வ’ சொல்றதுக்குள்ள அவங்க அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்கண்ணா. எடுத்த எடுப்புல கதவு திறக்கணும், பூதம் நிக்கணும். அப்புறம் உன் வணக்கம்.”

வெட்டுகிற வேலை யார் செய்வது? நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். “அண்ணி ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவங்க. ஊர்ல இருக்குற எலும்பையெல்லாம் ஒழுங்கா ஃபிரேமுக்குள்ள கொண்டு வர்றாங்க. உன்னைக் கொண்டு வர மாட்டாங்களா?”

“அவருக்கு எலும்பைவிட வாய் பெருசு. அதான் யோசிக்கிறேன்,” என்றாள் இவள். மூன்று பேரும் சிரித்ததில் வேலை அவள் தலையில் வந்து விழுந்தது.

அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. டிவியில் ஓடும் விளையாட்டு அகலமானது. செல்போனோ ஒல்லியாய் நிற்கிறது. அகலமான படத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த ஒல்லிச் சட்டத்துக்குள் அடங்கும். எந்தப் பங்கு என்பதை அவள் முடிவு செய்யவேண்டும். அவன் ஓடும் பக்கம் சட்டத்தை விரலால் இழுத்துக்கொண்டே போகவேண்டும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில், ஆடுகிறவனுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. தண்ணீர் சொட்டும் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ, அந்தப் பக்கம் பூதம் வராது. அவன் பேசிக்கொண்டே ஆடுவதால் அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்ததே இல்லை.

சொல்லலாம்தான். சொன்னால், “நீயே ஆடேன்” என்று கேட்பானோ? கேட்காமல், “ஓ, அப்படியா, தேங்க்ஸ்மா” என்று போய்விட்டால்? அந்த பயத்தில் பேசாமல் இருந்தாள்.

தினம் சாயங்காலம் ஒரே நேரத்துக்கு ஒரு குட்டி வீடியோ போனது. பார்வைகள் மெல்ல ஏறின. பெரிய ஏற்றம் இல்லை, படி ஏறுவது மாதிரி.

லிஃப்ட் வந்தது வேறு மாதிரி.

அன்று ஆஸ்பத்திரியில் கூட்டம். களைத்துப்போய் வந்து, சோபாவில் சாய்ந்தபடியே அன்றைய வீடியோவை வெட்டினாள். சுரங்கம் இரண்டாகப் பிரியும் இடம். வலப்பக்கம் தீப்பந்தம் எரியும் படிக்கட்டு. இடப்பக்கம் கும்மிருட்டு, உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. அவள் விரல் சட்டத்தை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இருட்டுக்குள் கொஞ்ச தூரத்தில், சுவரில் ஒரு சாவி மினுங்கியது. ஆஹா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பெரிய எழுத்தில் தலைப்பும் வைத்து, அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஆனால் அவள் புருஷன் போனது வலப்பக்கம்.

வீடியோவில் அவனே இல்லை. சட்டம் பாட்டுக்கு நிதானமாகச் சாவியைப் போய்ப் பார்க்கிறது. வெளியே எங்கிருந்தோ, “நண்பர்களே, வெளிச்சம் இருக்குற இடம்தான் பாதுகாப்பு” என்று ஒரு குரல். அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம், “ஐயோ அம்மா!”

மறுநாள் காலையில், எக்ஸ்ரே அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள் செல்போன் துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பெரியவரிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் படமும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு நொடி செல்போனைப் பார்த்தாள்.

‘கேமராவுக்கு வழி தெரியுது, அண்ணனுக்குத் தெரியலையே!’

‘எடிட்டர் சாவியைப் பாத்துட்டாரு. அண்ணன் எமனைப் பாத்துட்டாரு.’

‘யாருப்பா அந்த எடிட்டர்? அவர் கையில குடுங்கப்பா ஆட்டத்தை!’

“மேடம்,” என்று உள்ளேயிருந்து திணறலாக ஒரு குரல் வந்தது, “மூச்சு விடலாமா?”

“ஐயோ, விடுங்க சார், விடுங்க!” என்று பதறிப்போய்ச் சொன்னாள். பெரியவர் விட்ட மூச்சைவிட அவள் விட்ட மூச்சு நீளமாக இருந்தது. இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆசை, தானாகவே எழுந்து நடந்துபோய் ஊருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் அது ஆசை என்று தெரியவில்லை, அதுதான் ஒரே ஆறுதல். வருத்தமும் அதுதான்.

அவன் சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டான். “ஆபீஸ்ல எல்லாரும் என்னை வெச்சு செஞ்சுட்டாங்க. லிஃப்ட் வலது பக்கம் போகுமா இடது பக்கம் போகுமான்னு கேக்குறான் கண்ணாடி. ஏம்மா, வேணும்னேதானே அப்படிப் பண்ணினே?”

இதோ, வாசல் திறந்தாயிற்று. ‘இல்லைங்க, நானா இருந்தா அந்தப் பக்கம்தான் போயிருப்பேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“ம்… சும்மா ஒரு தமாஷுக்கு,” என்றாள்.

“அடி கள்ளி! தினமும் இதே மாதிரி போடு!”

தினமும் போட்டாள். கஷ்டமே இல்லை. கை போகிற பக்கம் சட்டத்தை விட்டாள். அவன் குதிக்கும்போது சட்டம் குனியும். அவன் ஓடும்போது சட்டம் ஒளிந்துகொள்ளும். சேனல் கிடுகிடுவென்று ஏறியது. குட்டி வீடியோவில் சிரித்தவர்கள், அண்ணன் அப்புறம் எப்படித்தான் தப்பித்தான் என்று பார்க்க ஒரு மணி நேர வீடியோவுக்கும் வந்தார்கள். வணக்கத்தைக்கூடப் பொறுமையாகக் கேட்டார்கள். அவனுக்கு அதில்தான் பரம சந்தோஷம்.

ஒருநாள் சாப்பிடும்போது அவன் சொன்னான். “எல்லாரும் வழி தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட வேணும்னு கேக்குறாங்க. இதுல ரெண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். கண்ணாடியைக் கூப்பிடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்னுட்டான். என்ன சொல்றே?”

தட்டில் இருந்த அவள் விரல்கள் நின்றன. நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

“நல்லதுதானே,” என்றாள் இவள்.

“சரிம்மா,” என்றான் அவன்.

பாத்திரம் தேய்க்கும் இடத்தில் நாத்தனார் வந்து இடித்துக்கொண்டு நின்றாள். “அண்ணி, அந்தச் சட்டியை இன்னும் தேச்சீங்கன்னா ஓட்டை விழுந்துடும். உங்களுக்கு ஆடணும்னு ஆசை. எனக்கு எப்பவோ தெரியும். நான் அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?”

“வேண்டாம். நீ சொல்லி அவர் கூப்பிட்டா அது சிபாரிசு.”

“அப்போ நீங்க சொல்லுங்க.”

“அவரா கேக்கட்டுமே.”

“அண்ணனா? அடுப்புல போட்ட ஐஸ் உருகலைன்னு ஆச்சரியப்படுற மாதிரி இருக்கு உங்க பேச்சு. அது ஆச்சரியம் இல்ல அண்ணி, நீங்க வாயைத் திறந்து கேட்டு அந்த அடுப்பை இன்னும் பத்த வைக்கவே இல்ல.” சொல்லிவிட்டுத் துண்டை அண்ணியின் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. அவன், கையில் பிடித்து ஆடும் இரண்டாவது கன்ட்ரோலரைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துணியால் துடைத்தான். டிவிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டான். அவளுடைய நாற்காலியை வழக்கம்போலப் பின்னால் போட்டான். “நீ வழக்கம்போல ஃபிரேமைப் பாத்துக்கோ. இன்னைக்கு ரெண்டு பேரு இருக்கோம், எவன் பின்னாடி போறதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ,” என்று சிரித்தான்.

“அண்ணா, கண்ணாடி அண்ணன் கீழ வண்டி நிறுத்துறாரு,” என்று ஜன்னலிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். சொல்லும்போது அண்ணியைத்தான் பார்த்தாள்.

“வந்துட்டானா? இந்தாம்மா, இதை ஒரு நிமிஷம் பிடி. பட்டனெல்லாம் வேலை செய்யுதான்னு அமுக்கிப் பாரு.”

கையில் வைத்தான். அவள் நினைத்திருந்ததைவிட லேசாக இருந்தது அது. கட்டைவிரல்கள் தாமாகவே இடம் தேடி உட்கார்ந்தன. திரையில், அவனுடைய ஆளுக்குப் பக்கத்தில், ஒரு புது ஆள் நின்றிருந்தான். அவள் அமுக்கினாள். அந்த ஆள் குதித்தான். அவள் விரலை நகர்த்தினாள். அவன் நடந்தான், ஓடினான், இருட்டின் ஓரத்தில் போய் நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டான். இத்தனை நாள் சட்டத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போன விரல், முதல் தடவையாக ஓர் ஆளையே கூட்டிக்கொண்டு போனது.

“ஆங், வேலை செய்யுது,” என்று புருஷன் கையை நீட்டினான். “குடு.”

அவள் கொடுக்கவில்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. வாசல் மணி அடித்தது. நாத்தனார் கதவுப் பக்கம் போனாள். ஆனால் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு, திறக்காமல் நின்றாள்.

“என்னம்மா? மாட்டிக்கிச்சா? குடு, பாக்குறேன்.”

நீட்டிய கை அப்படியே காற்றில் நின்றது. அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். எண்ணெய்க் கறை போகாத விரல்கள், சுண்டுவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. மறைத்து எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத கை. இவன் கேட்காமல் இருந்தது அலட்சியம் இல்லை, அவள் சொன்ன வார்த்தையை அப்படியே நம்பியதுதான் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்தது. மணி மறுபடியும் அடித்தது.

அவள் எழுந்து வந்து, முன்னால் கிடந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். கன்ட்ரோலரை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காது மடல் சூடானது. குரல் அவனுக்கும் நாத்தனாருக்கும் கேட்கிற அளவுக்கு, கதவுக்கு வெளியே நிற்கும் ஆளுக்கும் கேட்கிற அளவுக்குப் பெரிதாகவே வந்தது.

“நான் ஆடணுங்க. உங்க பக்கத்துல உக்காந்து, நானே ஆடணும்.”