இருபத்தைந்து நிமிடச் சாலை

விடிவதற்கு முன்பே காற்று வேலைக்கு வந்துவிட்டிருந்தது. ஏரிக்கரைச் சாலையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பொட்டல், நடுவே ஒன்பது கிலோமீட்டர் தார்ரோடு. அதன் கோடியில் புட்டித் தொழிற்சாலை. உட்கார்ந்து மிதித்தால் சைக்கிள் நகராது. எழுந்து நின்று மிதித்தால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது காற்று. சட்டை முதுகில் பலூனாகப் புடைக்க, பல்லில் மணல் நெறிபட, தொடை நரம்பு இழுத்துப் பிடிக்க, நாற்பது பேர் தனித்தனியாக மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

தனித்தனியாகப் போவது இந்த வருடம் வந்த பழக்கம். காற்றுக்காலம் மூன்று மாதமும் அவர்கள் வரிசை கட்டித்தான் போவார்கள். முன்னால் ஒருவர் காற்றை உடைக்க, மற்றவர்கள் அவர் முதுகின் மறைவில் வருவார்கள். பத்து விளக்குக் கம்பம் தாண்டியதும் முன்னால் போனவர் ஒதுங்கிக் கடைசிக்கு வந்துவிடுவார். அடுத்தவர் முன்னுக்குப் போவார். மூட்டை என்று பேர் வாங்கிய லோடுமேன் முன்னால் போனால் பின்னால் இடம் பிடிக்கச் சண்டையே நடக்கும். அத்தனை அகலமான முதுகு.

காற்றுக்காலத்தில் ஆறேகால் வரை கேட் திறந்திருக்கும். அதுவும் பல வருட வழக்கம். இந்த வருடம் முதலாளி நோட்டீஸ் ஒட்டினார்: ஆறு மணிச் சங்கு ஊதியதும் கேட் மூடப்படும். வெளியே நிற்பவருக்கு அன்று வேலை இல்லை. மூன்றாம் நாளே வரிசை உடைந்தது. கால் பலம் உள்ளவன் பிய்த்துக்கொண்டு ஓடினான்.

முன்னால் ஓடியவர்களில் கடிகாரமும் ஒருவன். மெஷின் ஃபிட்டர். எதற்கும் மணிக்கட்டைப் பார்த்து நிமிடக் கணக்குச் சொல்லும் பழக்கத்தால் வந்த பேர். அன்றைக்கு ஐந்து நாற்பதுக்கு அவன் லேபிள் அக்காவைத் தாண்டினான். லேபிள் ஒட்டும் பிரிவில் இருபது வருடமாக நிற்கிற பெண்.

"தம்பி, ஒரு பத்துக் கம்பம் மறைவு குடு. மூச்சு வாங்குது."

அவனுக்குக் காதில் விழுந்தது. "நேரமாச்சுக்கா" என்றான். திரும்பிப் பார்க்காமல் சொன்னான். ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கேட்டைத் தாண்டினான்.

அக்கா வந்து சேரவில்லை. சாலை வளைகிற இடத்தில், பக்கவாட்டில் அடித்த காற்றுக்கு ஈடு கொடுத்துச் சாய்ந்து மிதித்துக்கொண்டிருந்தவரை ஒரு லாரி ஒட்டி முந்தியிருக்கிறது. லாரி மறைத்த நொடியில் காற்று நின்றது. சாய்ந்த வாக்கிலேயே வண்டி லாரிப் பக்கம் இழுத்தது. பதறி ஹேண்டிலை மறுபக்கம் ஒடித்தபோது லாரி போய்விட, காற்று மறுபடி அறைந்தது. சைக்கிளோடு கரைச்சரிவில் விழுந்தார். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிவு. பின்னால் வந்த மூட்டைதான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

மதியம் நாலைந்து பேர் முதலாளி அறைக்குப் போனார்கள். கடிகாரமும் போனான், கடைசியில் நின்றான்.

"ரோட்டுல விழுந்ததுக்கு ஃபேக்டரி என்ன பண்ணும்?" என்றார் முதலாளி.

"வேலைக்கு வரும்போதுதானே சார் விழுந்தாங்க. கேட்ட அடைச்சுடுவீங்கன்னு பயந்துதானே அந்த ஓட்டம்?" என்றார் போனவர்களில் ஒருவர்.

"இருபத்தஞ்சு நிமிஷ ரோடுப்பா இது. அதுக்கு என்ன ஓட்டம்? நானா சொல்லல, உங்க ஆள் ஒருத்தர் சொன்ன கணக்கு. வாட்ச் பாத்துச் சொன்னது."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடிகாரம் சட்டைக் கையை இறக்கி வாட்சை மூடிக்கொண்டான்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு காலை. அப்போது காற்று ஊர்ப்பக்கத்திலிருந்து ஆலைப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டில் நின்ற முதலாளி, "வீட்டுலேர்ந்து எவ்வளவு நேரமாகுது?" என்று கேட்டார். முதலாளி தன்னிடம் பேசிய பெருமையில் அவன் வாட்சை நீட்டிக் காட்டினான். "இருபத்தஞ்சு நிமிஷம் சார். நேத்து இருபத்திநாலுலயே வந்துட்டேன்." கண்ணாடி ஏற்றிய காரில் வருகிறவருக்குக் காற்று தெரியாது. அவனுக்குத் தெரியும். முதுகில் கை வைத்துத் தள்ளிய காற்றைத் தன் கால் பலம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது காற்று பின்னாலிருந்து அடித்தது. மிதிக்காமலே வண்டி ஓடியது. அந்த சுகத்தை அனுபவிக்கக் கூசியது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டபடி, கரைச்சரிவில் நசுங்கிக் கிடந்த புல்லைப் பார்க்காமல் தாண்டி, நேராக அக்கா வீட்டுக்குப் போனான்.

அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"வா தம்பி. நேரத்துக்குப் போய்ச் சேந்தியா?"

குத்தலா, விசாரிப்பா என்று அவனுக்குப் புரியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். முதலாளிக்குச் சொன்ன கணக்கு, மறைவு கேட்டது காதில் விழுந்தது, எல்லாம்.

அக்கா அரிசியைப் பார்த்தபடியே கேட்டார்: "காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு அவர்ட்ட சொன்னியா?"

"அவர் கேக்கலக்கா."

"அவருக்கு எப்படித் தெரியும் கேக்க? நீ வாட்சு மட்டும் காட்டிட்டு வந்துட்ட." கழுநீரைக் கொட்டினார். "சீக்கிரம் கெளம்பினா என்னங்கிறாங்க. நாலரைக்குத்தான் குழாயில தண்ணி வருது. அதப் புடிச்சு, சோறு வடிச்சு வச்சுட்டு வாசல் தாண்ட அஞ்சே கால். எந்த நேரத்தக் கிள்ளி எடுக்கச் சொல்ற?"

"நான் என்னக்கா செய்யணும்?"

"என்கிட்ட சொன்னா என் எலும்பு ஒட்டாது. நாளைக்கு என்னைய கேரியர்ல ஏத்திக்கோ. கேட்டு முன்னாடி வந்து சொல்லு. அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்கட்ட சொல்லு."

மறுநாள் ஊர் எல்லைப் பாலத்தில் ஆட்கள் சேரும் நேரம். கேரியரில் அக்காவோடு வந்த கடிகாரத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"உன்ன தூக்கி ஏரியில போட்டா என்ன?" என்றான் மூட்டை.

"போடு. ஆனா நான் கேரியர்ல இருக்கேன், பாத்து" என்றார் அக்கா.

யாரோ சிரித்தார்கள். மூட்டை சிரிக்கவில்லை. "உன் முதுகு குச்சி முதுகு. ஆனாலும் இன்னிக்கு முதல்ல நீதான் முன்னாடி போற. எல்லாரும் ஒரே வரிசை. எவனும் பிச்சுக்கிட்டு ஓடக் கூடாது. போனா நாப்பது பேரும் உள்ள, இல்ல நாப்பது பேரும் வெளிய."

கடிகாரம் மிதித்தான். பின்னால் அக்காவின் பாரம், முன்னால் காற்றுச்சுவர். நாலாவது கம்பத்தில் தொடை நடுங்கியது. ஏழாவதில் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பத்தாவதில் மூட்டை பக்கத்தில் வந்தான்.

"ஒதுங்கு."

"இன்னும் கொஞ்ச தூரம் நானே போறேன். நான் பண்ணினதுக்கு..."

"பத்துன்னா பத்து. பின்னாடி போ."

வரிசையின் கடைசிக்கு நழுவினான். முப்பத்தெட்டு முதுகுகளின் மறைவில் காற்று சட்டென்று தணிந்தது. அதைப் பெற்றுக்கொள்வதுதான் மிதித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

சங்கு ஊதியபோது அவர்கள் முக்கால்வாசி தூரம்தான் வந்திருந்தார்கள். யாரும் வேகம் கூட்டவில்லை. ஆறு பன்னிரண்டுக்குக் கேட் முன்னால் வந்து நின்றார்கள். கேட் பூட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் முதலாளி நின்றார்.

"இருபத்தஞ்சு நிமிஷ ரோட்டுக்கு இவ்வளவு நேரமா?"

கடிகாரம் முன்னால் வந்தான். "அந்தக் கணக்கு சொன்னது நான்தான் சார். அன்னிக்குக் காத்து என் முதுகுல இருந்துச்சு. அத மறைச்சுட்டேன். எதிர்க்காத்துல அம்பது நிமிஷம். நம்பலன்னா நாளைக்கு எங்ககூட ஒரு சைக்கிள்ல வாங்க."

"நான் காத்தையா நிறுத்த முடியும்?"

"காத்த விடுங்க. கேட்டத் திறந்து வைங்க, ஆறேகால் வரைக்கும். முன்ன மாதிரி" என்றான் மூட்டை. "அக்கா ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பதில் சொல்லுங்க."

முதலாளி கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். சட்டென்று பார்வையை விலக்கினார். "வீட்டுக்குப் போங்க. திரும்பினா காத்து உங்க பக்கம்தான். மிதிக்கக்கூட வேணாம்."

உண்மைதான். ஹேண்டிலைத் திருப்பினால் போதும். யாரும் திருப்பவில்லை. முதல் ஸ்டாண்டை மூட்டை போட்டான். பிறகு வரிசையாக மற்ற ஸ்டாண்டுகளும் விழுந்தன. உள்ளே, சரக்கேற்றி வெளியே வரக் காத்திருந்த லாரி ஹாரன் அடித்தது. அதுவும் அந்தக் கேட்டைத்தான் தாண்ட வேண்டும்.

"மணி என்ன தம்பி?" என்றார் அக்கா.

கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தான். "ஆறு இருபத்திமூணுக்கா" என்றவன், "எதிர்க்காத்து" என்று சேர்த்துச் சொன்னான், உள்ளே நின்றவருக்கும் கேட்கும்படி.