கழுவிய காந்தம்

1

இப்போதெல்லாம் வண்டி கட்டுகிறவர்களிடம் பேச முடியவில்லை. எஞ்சினுக்கு எத்தனை குதிரைச்சக்தி என்பதை, பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். பின்னால் அதைத் தாங்குவது எது என்று கேட்டால் முகம் சுருங்கிவிடுகிறது. இந்தக் கதை அப்படிச் சுருங்கிய ஒரு முகத்திலிருந்து வந்தது. முகம் என் மருமகனுடையது.

2

முதல் தொடக்கம்: “பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஷெட்டிலேயே பூட்டி, தன் கையால் ஒரு கார்...” வேண்டாம். அவனைப் புகழ்வதுபோல் இருக்கிறது.

இரண்டாவது: “சின்ன வேனில் கிடந்த டிஃபரன்ஷியலைப் பிடுங்கி, பெரிய எஞ்சினுக்குப் பின்னால்...” இதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே குற்றவாளி ஆக்குகிறேன் என்பீர்கள். (ஆக்கத்தான் நினைத்தேன்.)

நேராகவே சொல்கிறேன். நாளை மலைப்பாதைப் பந்தயத்தில் அந்தக் காரை ஓட்டப்போவது என் மகள்.

* டிஃபரன்ஷியல் என்பது பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரக் கூடு. எஞ்சின் பலமெல்லாம் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். பல் உடைந்து நடுவில் சிக்கினால் சக்கரம் இறுகிவிடும். வளைவில் இறுகினால்... இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

3

“வண்டி எடை கம்மி மாமா. இதுக்கு அந்த வேன் சாமானே தாராளம்.”

“எடை கம்மிதான் மாப்பிள்ளை. டயரு அகலமா போட்டிருக்கீங்களே, அது ரோட்டை விடாது. எஞ்சினும் விடாது. நடுவுல பல்லு என்ன பண்ணும்?”

கூட்டின் அடியில் ஆயில் வடிக்கும் பிளக்கைக் கழற்றினேன். அதன் நுனியில் ஒரு காந்தம் இருக்கும். புதிதாகப் பூட்டிய பல் முதல் ஓட்டத்தில் மாவு மாதிரி கொஞ்சம் இரும்புத் தூள் விடும். அது காந்தத்தில் ஒட்டும், பரவாயில்லை. விரலில் குத்தும் சில்லு ஒட்டினால் பல் போகிறது என்று அர்த்தம். இந்தக் காந்தமோ கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

“பாத்தீங்களா, ஒரு பொட்டுத் தூள் இல்ல.”

“நேத்துப் பூரா ஓட்டினீங்களே. வண்டி ஓடுச்சா, படுத்துத் தூங்குச்சா?”

மருமகன் திருட்டு முழி... (அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

4

காந்தத்தைத் துடைத்தது அவன்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். கதை என் பேச்சைக் கேட்கவில்லை. மகள் முன்னால் வந்தாள்.

“நான்தான்பா துடைச்சேன். தூளைப் பாத்தா ஓட்டாதேம்பீங்க.”

“மாவா இருந்துச்சா, குத்துச்சா?”

“பாக்காமத்தான் துடைச்சேன்.”

“ஏன்?”

“பாத்தா எனக்கே பயம் வந்துடும்.”

5

புது ஆயில் ஊற்றி, இன்னொரு முறை ஓட்டி வரச் சொன்னேன். வந்ததும் மருமகன் பிளக்கைக் கழற்றி நீட்டினான். காந்தத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

மாவு என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் போவீர்கள். குத்தியது என்று எழுதினால் மகள் வீட்டில் இருப்பாள். நான் நிம்மதியாகத் தூங்குவேன். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எழுதுகிற கையும் என்னுடையது, பயமும் என்னுடையது. அந்தக் கையை நீங்கள் நம்பலாம். நான் நம்ப மாட்டேன்.

பிளக்கை வாங்கி மகள் உள்ளங்கையில் வைத்தேன்.

“நீங்க தடவிப் பாருங்கப்பா.”

“ஓட்டப்போறது நீ. நீ தடவு.”

ஷெட்டை விட்டு வெளியே நடந்தேன். “மாவுதான்பா” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. தடவிப் பார்க்கிற அளவுக்கு நேரம் ஆகியிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.