வெளிக்கிட்டிட்டார்

நாகஜோதி எழுதிக் கொண்டுபோன கதையின் இரண்டு பக்கத்தைத் தையல் கடையில் பரிபூரணம் வாசித்துவிட்டு நிமிர்ந்தபோதே, ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"வெளிக்கிட்டிட்டார் எண்டா, புறப்பட்டுப் போயிட்டார் எண்டு அர்த்தம் பிள்ளை. அந்தப் பொம்பிளை உண்மையைத்தானே சொல்லியிருக்கிறா?"

பரிபூரணம் யாழ்ப்பாணத்துக்காரி. சின்னப் பிள்ளையாக அகதி முகாமுக்கு வந்து, வளர்ந்து, ராஜபாளையத்தில் கடை போட்டவள். காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்த நாகஜோதி, செருப்பை விட்டுவிட்டுப் பாதித் தெரு நடந்துவிட்டாள்.

கதை அவள் அப்பா மலைச்சாமியுடையது. எண்பத்தேழில் பட்டாளத்தோடு இலங்கைக்குப் போனவர். ஓர் ஆளைத் தேடி ஒரு வீட்டுக்குப் போனார்கள். கூடப் போன சிநேகிதன், ஆலங்குளத்துச் சுயம்புலிங்கம் வேலியோரம் காவல் நிற்க, உள்ளே போனவர்களில் தமிழ் தெரிந்தவர் மலைச்சாமி மட்டும்தான். புருஷன் எங்கே என்று மனைவியைக் கேட்டார். 'வெளிக்கிட்டிட்டார்' என்றாள். நம் ஊரில் வெளிக்குப் போவது என்றால் காட்டுப்பக்கம் ஒதுங்கப் போவது. அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, இப்போது வந்துவிடுவான் என்று அதிகாரியிடம் இந்தியில் சொன்னார். கிணற்றடியில் பதுங்கிக் காத்திருந்தார்கள். அரை மணி நேரம் கழித்துப் பனைமரங்களுக்குள்ளிருந்து வந்த குண்டு, சுயம்புலிங்கத்தின் கழுத்தில் பாய்ந்தது.

அந்தப் பெண் சொன்ன வார்த்தையை அப்பா அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். அந்தப் பொய்காரி எங்களை உட்கார வைத்துச் சுட வைத்துவிட்டாள் என்று முடிப்பார். அதற்கு மேல் பேசமாட்டார். யாரும் கேட்டதும் இல்லை.

வருஷந்தோறும் சுயம்புலிங்கம் இறந்த நாளில் ஆலங்குளத்துக்குப் போய், அவர் மனைவி சுடலையம்மாளைப் பார்த்துவிட்டு வருவார். இந்த வருஷம் அங்கே நினைவு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தை டைப் அடிக்கிற மகள் எழுதட்டும் என்று அவர்தான் சொன்னார். வாக்குமூலம் மாதிரி வேண்டாம், கதையாக எழுது என்றும் சொன்னார்.

முதலில் அப்பா பேசுவதுபோல எழுதினாள். அது அவர் நிறுத்தும் இடத்திலேயே நின்றுவிட்டது. யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல எழுதினாள். செய்தித்தாள் மாதிரி இருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணின் வாசற்படிக்கு உள்ளே போய் நின்றுகொண்டு எழுதிப் பார்த்தாள். பொய் சொல்லப் போகிறவளின் மனதில் என்ன ஓடும்? பத்து நாளாக அந்தப் பொய் அவள் வாயில் ஒட்டவே இல்லை. அந்த ஊர்ப் பேச்சாவது சரியாக இருக்கட்டும் என்றுதான் பரிபூரணத்திடம் போனாள்.

அப்பாவின் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. சிநேகிதனைக் குண்டு வரும்வரை அங்கே நிறுத்தி வைத்தது தன் வாய்தான் என்று தெரிந்தால் அவர் தாங்குவாரா? அந்த ஒரு வார்த்தையை மாற்றிவிடுவது என்று முடிவுசெய்தாள்.

அப்பா சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். "'வெளிக்குப் போயிருக்கிறார்' என்றாள் அவள்" என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"அவ அப்படிச் சொல்லல."

"எல்லாம் ஒண்ணுதானப்பா."

"ஒண்ணு இல்ல."

பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று முறை கத்தி ஓய்ந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. யாரிடமாவது கேட்டாயா என்றார். தைக்கிற அக்காவிடம் கேட்டேன் என்றாள்.

"அவிய என்ன சொன்னாக?"

அவள் காகிதத்தை மடித்தாள். அவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

சுயம்புலிங்கம் இறந்து நாலு மாதம் கழித்து அங்கே ஒரு பஸ் நிலையத்தில் காவல் நின்றாராம். 'வெளிக்கிடுவம்' என்று கண்டக்டர் குரல் கொடுத்தானாம். பஸ் புறப்பட்டதாம்.

"அன்னைக்கே தெரியும் தாயி."

முப்பத்தெட்டு வருஷம். இதுவரை அவருக்காகப் பயந்திருந்தவளுக்கு, இப்போது அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அவளை என்னப்பா செஞ்சிய?"

"முடியப் புடிச்சு முத்தத்துல இழுத்துப் போட்டேன். துப்பாக்கிக் கட்டையால அடிச்சேன். யாரும் சொல்லல, நானாத்தான். அடிக்க அடிக்க அதையேதான் சொன்னா. வேற வார்த்தையே சொல்லல அவ."

பிழைத்தாளா என்று நாகஜோதி கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

"எனக்கு வாய் வரல. கதைன்னா நீ எப்படியும் அவ பக்கம் போயிருவேன்னு நெனச்சேன். போயிறக் கூடாதுன்னும் நெனச்சேன்."

சுடலையம்மாள் இதை மலரில் வாசித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, இப்போதே போகலாம் என்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அதைச் சரிசெய்ய அவளுக்குக் கை போகவில்லை.

ஆலங்குளத்தில் சுடலையம்மாள் கதவைத் திறந்து சிரித்தாள். "என்னண்ணே, தேதி மறந்துட்டியளா? இன்னும் ஒம்பது நா கெடக்கே."

தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மகள் எழுதியிருக்கிறாள், அச்சுக்குப் போகும் முன் நீ கேட்க வேண்டும் தங்கச்சி என்றார். சுடலையம்மாள் ஆசையாக எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அந்தப் பொய்காரி வாராளா? அவள நல்லா எழுதியிருக்கியா?"

"வாரா அத்தை."

அப்பா உட்காரவில்லை. நாகஜோதி காகிதத்தை மடியில் விரித்துக்கொண்டாள். அடித்து மாற்றியிருந்த வார்த்தைக்கு மேலே பழைய வார்த்தையை எழுதினாள். பிறகு அந்தப் பெண்ணின் குரலில் வாசிக்கத் தொடங்கினாள்.